தால்சிம்: கை அதேதான், ஊர்க்கதை மட்டும் வேற

1991-இல் ஜப்பானின் காப்காம் நிறுவனம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 விளையாட்டை வெளியிட்டபோது அதில் நாம் தேர்ந்தெடுத்து ஆட எட்டுப் பேர் இருந்தார்கள். ஜப்பானுக்கு இரண்டு, அமெரிக்காவுக்கு இரண்டு, சீனா, பிரேசில், அன்றைய சோவியத் யூனியன் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. எட்டாவது ஆள் இந்தியர், பெயர் தால்சிம். 1987-இல் வந்த முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டரில் தாய்லாந்து இருந்தது, இங்கிலாந்து இருந்தது, இந்தியா இல்லை. ஆக, இந்த வரிசையில் நம்ம நாட்டுக்காரர் நுழைந்தது 1991-இல்தான். அன்றிலிருந்து 2023-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 வரை, நடுவில் ஒரு இடைவெளி தவிர, அவர் வந்துகொண்டே இருக்கிறார்.

ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறி வருகிறார். எது மாறியது, எது மாறவில்லை என்று பதிப்பு பதிப்பாக வைத்துப் பார்த்ததில் எடுத்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. பழைய வெர்ஷனையும் புது வெர்ஷனையும் பக்கத்தில் வைத்து வித்தியாசம் தேடுவது மென்பொருள்காரனுக்கு தினப்படி வேலை. ஆனால் இதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது என் தொழில் அல்ல, எங்க ஊர்த் தொழில். திருப்பூரில் பனியன் கம்பெனி பக்கம் போனவர்களுக்குத் தெரியும். பையர் ஒவ்வொரு சீசனுக்கும் புது ஸ்டைல் கேட்பார். கலர் மாறும், பிரிண்ட் மாறும், கழுத்து ரிப் மாறும். ஆனால் நன்றாக ஓடிய ஒரு டி-சர்ட்டின் பேட்டர்ன், அந்த அட்டை வெட்டு, அத்தனை சீக்கிரம் மாறாது. கடையில் வாங்குகிறவர் பார்ப்பது பிரிண்டை. போட்டுப் பார்த்து "இது நமக்கு உட்காருது" என்று சொல்லவைப்பது பேட்டர்ன். தால்சிமிலும் பிரிண்ட் எது, பேட்டர்ன் எது என்று பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் பிரிண்ட். 1991-இன் தால்சிம் எலும்பும் தோலுமான ஆள். மொட்டைத் தலை, அதில் மூன்று சிவப்புக் கோடுகள், கருவிழி இல்லாத வெள்ளைக் கண்கள், கிழிந்த மஞ்சள் அரைக்கால் சட்டை, கையிலும் காலிலும் வளையங்கள், கழுத்தில் மூன்று சின்ன மண்டையோடுகள். சண்டை நடக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் யானைகள் வரிசையாக நின்று பிளிறும். பின்னணி இசை யோகோ ஷிமோமுரா அமைத்தது; ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இன் இசையில் பெரும்பகுதி அவருடையதுதான்.

நம்மூர்க் கண்ணோடு பார்த்தால் இந்த உருவம் ஒரு விசித்திரக் கலவை. நெற்றிக்கு மேல் நெட்டுக்குத்தாக மூன்று கோடு, கிட்டத்தட்ட நாமம். கழுத்திலோ கபாலம். நாமக்காரரும் காபாலிகரும் ஒரே உடம்பில் குடியிருப்பதை நம்மூரில் யாரும் பார்த்திருக்க முடியாது. காபாலிகர் நமக்குப் புதியவர்களும் இல்லை. மண்டையோட்டைக் கையில் ஏந்தித் திரிந்த அந்தச் சைவத் துறவிகளைக் காஞ்சிபுரத் தெருவில் நடக்கவிட்டு, ஏழாம் நூற்றாண்டிலேயே மகேந்திரவர்ம பல்லவன் 'மத்தவிலாசப் பிரகசனம்' என்று ஒரு கேலி நாடகம் எழுதினான். தால்சிமின் மண்டையோட்டுக்கு காப்காம் சொன்ன காரணம் வேறு: அவை அவருடைய கிராமத்தில் கொள்ளைநோயில் இறந்த குழந்தைகளுடையவை. அந்தக் குழந்தைகளை மறக்கக் கூடாது என்று கழுத்தில் போட்டிருக்கிறார். இந்தியாவில் எங்கேயும் இல்லாத வழக்கம்தான். ஆனாலும் அந்தக் கதையில் ஒரு துக்கம் இருக்கிறது. பயமுறுத்துவதற்காகத் தொங்கவிட்ட அலங்காரம் இல்லை அது.

கை நீளும் யோசனை எங்கிருந்து வந்தது? 1976-இல் ஜிம்மி வாங் யூ எடுத்த 'மாஸ்டர் ஆஃப் தி ஃப்ளையிங் கில்லட்டின்' என்ற குங்ஃபூ படத்தில், போட்டிக்கு வரும் இந்திய யோகி ஒருவருக்குக் கை நீண்டுகொண்டே போகும். ரசிகர்கள் வழக்கமாகக் காட்டும் மூலம் அதுதான். படத்தைப் பார்த்தவர்களுக்கு மறுக்கத் தோன்றாது. அதாவது ஹாங்காங், தைவான் பக்கம் கற்பனை செய்த இந்தியாவை ஜப்பான் வாங்கி உலகத்துக்கு விற்றது. அதை நாம் திருப்பி வாங்கினோம்.

நாம் வாங்கியதும் அசல் இல்லை. 90-களில் எங்க பக்கம் பசங்க கையில் இருந்தது ஃபேமிகாமின் நகல் பெட்டிகள். ஃபேமிகாமுக்கு காப்காம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ஐ வெளியிடவே இல்லை. நாம் 'கேசட்' என்று சொல்லி மாற்றி மாற்றிப் போட்டதெல்லாம் யாரோ எங்கேயோ சுருக்கிச் செய்த திருட்டுப் பதிப்பு. அசல் தால்சிமை ஒழுங்காகப் பார்க்கக் கம்ப்யூட்டரில் எமுலேட்டர் வரும்வரை நிறையப் பேர் காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி பேட்டர்ன். இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

சண்டை விளையாட்டில் எல்லாமே தூரக் கணக்கு. ரியூ மாதிரி ஆட்கள் ஒரு கை தூரத்தில் நின்று அடிப்பவர்கள். தால்சிம் பாதித் திரை தள்ளி நின்று குத்துவார், உதைப்பார். கேட்டால் அநியாயமாகத் தெரியும். ஆனால் விளையாட்டை அமைத்தவர்கள் அதற்கு மூன்று இடத்தில் விலை வைத்தார்கள். அவர் நடப்பது மெதுவு. குதித்தால் காற்றில் மிதக்கிற மாதிரி மெதுவாக இறங்குவார், அதற்குள் எதிராளி கீழே தயாராக நிற்பான். மூன்றாவதுதான் அழகு: நீட்டிய கையும் அவர் உடம்புதான். கை போய்த் திரும்பும் நேரத்தில் எதிராளி அந்தக் கையின் மேலேயே அடிக்கலாம், அடி இவருக்கு விழும். எவ்வளவு நீட்டுகிறீர்களோ அவ்வளவு உடம்பை எதிரியிடம் ஒப்படைக்கிறீர்கள். கையில் இருக்கும் காசு முழுவதையும் ஒரே ஆர்டரில் முடக்குகிற மாதிரி.

இதனால் தால்சிமை ஆடுபவர் மற்றவர்களைப் போல முன்னால் பாய்ந்து ஆட முடியாது. எதிராளி எங்கே வருவான் என்று முன்கூட்டியே நினைத்து அங்கே கையை அனுப்ப வேண்டும். வாயிலிருந்து போகும் யோகா ஃபயர் என்ற தீப்பந்தும் வேகமானது இல்லை. அதை முன்னால் அனுப்பிவிட்டு, எதிராளி குதிக்கிறானா தடுக்கிறானா என்று பார்த்து, அதற்குத் தகுந்த கையையோ காலையோ நீட்டுவதுதான் ஆட்டம். கிட்டே வந்துவிட்டால் யோகா ஃப்ளேம் என்ற குறுகிய தூரத் தீ. இந்த ஆளின் குணம் என்ன என்று கேட்டால், காப்காம் எழுதிய கதையைப் படிக்கவே வேண்டாம், இந்தக் கணக்கே சொல்லிவிடும்: அவசரப்படாத, தள்ளி நிற்கிற, சண்டை பிடிக்காத மனுஷன்.

1992 கடைசியில் வந்த டர்போ பதிப்பில் இந்த ஆளுக்கு ஒன்று கூடுதலாகக் கிடைத்தது: யோகா டெலிபோர்ட், நின்ற இடத்தில் மறைந்து வேறிடத்தில் தோன்றுவது. வெறும் மந்திர வித்தை மாதிரி தெரியும். உண்மையில் மெதுவாக நடக்கும் ஆளுக்குக் கொடுத்த கால் அது. மூலையில் மாட்டினால் வெளியே வர வழி இல்லாமல் இருந்தவருக்கு வழி வந்தது. 1994-இல் சூப்பர் டர்போவில் யோகா இன்ஃபெர்னோ என்ற பெரிய தீ சேர்ந்தது. பின்னாளில் ஜாய்ஸ்டிக்கைப் பின்பக்கம் பிடித்து அடித்தால் கை நீளாமல் கிட்டத்து அடி வரும்படி செய்தார்கள். நீட்டுவதா வேண்டாமா என்பது ஆடுபவர் முடிவானது. இதெல்லாம் பேட்டர்னுக்குள்ளேயே செய்த திருத்தங்கள், தையல் விட்டுப் பிடிப்பது போல.

அதே 1994-இல் ஹாலிவுட் இவரைப் படத்தில் எடுத்து முழுசாகத் தொலைத்தது. அந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் படத்தில் தால்சிம் ஒரு விஞ்ஞானி, வில்லனின் ஆய்வுக்கூடத்தில் மிரட்டி வேலை வாங்கப்படுபவர். நடித்தவர் ரோஷன் சேத், 'காந்தி' படத்தில் நேருவாக வந்தவர். நல்ல நடிகர், என்ன பிரயோஜனம்? கையும் நீளவில்லை, தீயும் வரவில்லை. தால்சிம் என்ற பெயர்தான் வந்தது. பிரிண்டும் இல்லாமல் பேட்டர்னும் இல்லாமல் லேபிளை மட்டும் தைத்த உருப்படி.

1996-இல் ஆல்ஃபா 2-இல் திரும்ப வந்தார். கதைப்படி இது ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-க்கு முந்தைய காலம், ஓவியம் ஜப்பானியக் கார்ட்டூன் பாணி. பெரிதாக எதுவும் இல்லை, கடந்து போகலாம். அடுத்த வருஷம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3 வந்தபோது பழைய ஆட்கள் பெரும்பாலோரைக் கழித்துக்கட்டினார்கள், தால்சிமையும் சேர்த்து. ஆனால் கை போகவில்லை பாருங்க! நெக்ரோ என்று ஒரு புது ஆள், ரஷ்யன், ஆய்வுக்கூடத்தில் உடம்பை மாற்றிவிடப்பட்டவன். அவனுக்கு நீளும் கைகள். ஆள் போனாலும் பேட்டர்னைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. யோகாவும் யானையும் தால்சிமின் சாரம் என்று நினைப்பவர்களுக்கு நெக்ரோதான் என் பதில்.

2008-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4. படம் எல்லாம் 3டி. பழைய ரசிகர்களைத் திரும்ப இழுக்க வேண்டும் என்பதால் தோற்றத்தில் கை வைக்கவில்லை, அதே மொட்டை, அதே மண்டையோடு, நரம்பு மட்டும் இன்னும் புடைத்திருக்கும். உயிர் 900, ரியூவுக்கு 1000. பழைய விலையை எண்ணிலும் எழுதிவிட்டார்கள். யோகா கேடஸ்ட்ரஃபி என்ற பெரிய தீப்பந்து நத்தை வேகத்தில் நகரும். அது நகரும் நேரத்தில் இவர் அதன் பின்னால் மறைந்து, தோன்றி, கையை நீட்டி எதிராளியைக் குழப்புவார். ஃபிலிப்பினோ சாம்ப் என்ற பெயரில் ஆடிய அமெரிக்கர் இந்தப் பதிப்பின் தால்சிமால் பேர் வாங்கினார்.

தோற்றம் மாறாத இந்தப் பதிப்பில்தான், எனக்குத் தெரிந்தவரை, பெரிய மாற்றம் நடந்தது. அது கதையில்.

1991-இல் தால்சிம் ஏன் சண்டைக்கு வருகிறார்? கிராமம் ஏழை, மக்களுக்குப் பணம் வேண்டும். கிராமம் ஏன் ஏழை? கேள்வியே கிடையாது. இந்தியா என்றால் ஏழை, யானைக்குத் தும்பிக்கை இருப்பது போல. கொள்ளைநோய் வந்தது, குழந்தைகள் செத்தன. யார் மேலும் தப்பில்லை, தலையெழுத்து. 2008-இல் அதே கிராமம், அதே தால்சிம், ஆனால் கஷ்டத்துக்கு இப்போது ஒரு காரணம் இருக்கிறது: மேலே அணை கட்டிவிட்டார்கள், கிராமத்துக்குத் தண்ணீர் வரவில்லை. அணைக்குப் பின்னால் எஸ்.ஐ.என். என்ற நிறுவனம். தால்சிம் போட்டிக்குப் போவது அந்த நிறுவனத்தைத் தேடி. ஏழ்மை என்பது இயற்கை இல்லை, யாரோ எங்கேயோ எடுத்த முடிவின் விளைவு என்று அந்த விளையாட்டு முதல்முறையாகச் சொல்கிறது. எழுதியவர்கள் அவ்வளவு யோசித்தார்களா, சும்மா வில்லனோடு முடிச்சுப் போட ஒரு வழி தேடினார்களா என்பது எனக்கு முக்கியம் இல்லை.

திருப்பூர்க்காரர்களுக்கு இது வெறும் விளையாட்டுக் கதையாகப் படாது. நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணையை 1992-இல் கட்டி முடித்தார்கள், பாசனத்துக்கு என்று. தேங்கியது சாயப்பட்டறைக் கழிவு. கீழே இருந்த விவசாயிகள் தண்ணீர் வேண்டாம், அணையைத் திறக்காதீர்கள் என்று சொல்லும் நிலை வந்தது. வழக்கு நடந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. அங்கே அணை தண்ணீரைத் தடுத்தது, இங்கே அணை கழிவைப் பிடித்து வைத்தது. இங்கே வில்லனைத் தேடி யாரும் வேறு நாட்டுப் போட்டிக்குப் போக வேண்டியதும் இல்லை. அந்தப் பட்டறைகளில்தான் ஊரில் பாதிப் பேருக்குச் சோறு. விளையாட்டில் ஆளைத் தேடி அடித்துவிடலாம், நொய்யலில் யாரை அடிப்பது? இருந்தாலும் "கிராமம் ஏழை" என்பதிலிருந்து "தண்ணீரை நிறுத்தினது யார்" என்பதற்கு வந்தது சின்ன நகர்வு இல்லை என்றே நினைக்கிறேன்.

2016-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5. இந்தத் தடவை பிரிண்டை அடியோடு மாற்றினார்கள். தலைப்பாகை, நெஞ்சு வரை வெள்ளைத் தாடி. வயதான குரு. மரியாதையான மாற்றம் என்று நிறையப் பேர் வரவேற்றார்கள், எனக்கு அரை மனசுதான். தலைப்பாகை வைத்தால் இந்தியன் என்பது 80-களிலேயே வீடியோ கேமில் தேய்ந்துபோன அடையாளம். நின்டெண்டோவின் பஞ்ச்-அவுட்டில் கிரேட் டைகர் என்ற இந்தியக் குத்துச்சண்டைக்காரருக்குத் தலைப்பாகைதான் முகமே, அவரும் மறைந்து தோன்றுவார். எங்க பக்கம் பெருசுகள் தலையில் உருமால் கட்டுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 1991-இன் உருவம் தப்புத் தப்பாக இருந்தாலும் வேறு எங்கேயும் பார்த்திராத ஒன்று. 2016-இன் உருவம் தப்புக் குறைந்தது, ஆனால் எந்தச் சாமியார் படத்திலும் வைக்கலாம்.

கையில் செய்த மாற்றம் அப்படி இல்லை. யோகா ஃபயர் நேராகப் போவதை விட்டு வளைந்து மேலே போய் இறங்கியது. கேட்க அற்பமாக இருக்கும். நேராகப் போகும் தீப்பந்து எதிராளி தரையில் வரும் வழியை அடைக்கும். வளைந்து இறங்கும் பந்து அவன் குதித்து வரும் வழியை அடைக்கும், தரை திறந்து கிடக்கும். இருபத்தைந்து வருஷமாக ஒரே மாதிரி யோசித்தவர்கள் எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. கூடவே காற்றில் அப்படியே மிதந்து நிற்கவும் முடிந்தது. குதித்தால் மெதுவாக இறங்குவது பலவீனம் என்று 1991-இல் வைத்தார்கள். அந்தப் பலவீனத்தையே நீட்டி ஆயுதம் ஆக்கிவிட்டார்கள். தாடியை வரைந்தவரைவிட இதை யோசித்தவருக்குத் தால்சிமை நன்றாகத் தெரியும்.

2023-இன் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் இரண்டையும் கொடுத்துவிட்டார்கள். யோகா ஃபயர் நேராக, யோகா ஆர்ச் வளைவாக. உடையும் இரண்டு: முதல் உடை தாடியும் தலைப்பாகையும், இரண்டாவது உடை பழைய 1991 மொட்டை. பழசை அழிக்காமல் புதுசுக்குப் பக்கத்திலேயே வைப்பது, எங்க தொழிலில் பழைய வாடிக்கையாளருக்காகச் செய்கிற அதே சமாதானம். ஜப்பானின் மோச்சி இந்தத் தால்சிமை வைத்து ஆடுவதைப் பார்த்தால், 1991-இல் போட்ட அந்தத் தூரக் கணக்கு இன்னமும் செல்லுபடியாவது தெரியும்.

மீதிப் பாதிக்கு வருகிறேன். பேட்டர்ன் மாறாது, பிரிண்ட் மாறும் என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதற்கும் எங்க பக்கத்திலேயே உதாரணம் உண்டு. கொங்கு நாட்டில் உடுக்கை அடித்துப் பாடும் அண்ணன்மார் சாமி கதை, பொன்னர் சங்கர் கதை. பிரெண்டா பெக் என்ற மானுடவியலாளர் 1960-களின் நடுவில் காங்கேயம் பக்கம் வந்து தங்கி, இ.சி. ராமசாமி என்ற பாடகர் பல இரவுகள் பாடியதைப் பதிவு செய்தார். அதே பாடகர் அதே கதையைப் பாடாமல் சொல்லி எழுதவைத்த வடிவமும் அவரிடம் இருந்தது. 1982-இல் வந்த அவர் புத்தகத்தில் இரண்டையும் ஒப்பிடுகிறார்: ஒரே ஆள், ஒரே கதை, ஆனாலும் ஒன்று போல மற்றொன்று இல்லை. பிறகு கலைஞர் நாவலாக எழுதினார், 2011-இல் பிரசாந்த் இரண்டு வேடத்தில் படமாக வந்தது, பெக்கே கார்ட்டூன் தொடராகவும் எடுத்தார். உடையும் அரண்மனையும் ஒவ்வொன்றிலும் வேறு. பொன்னர் நிதானம், சங்கர் ஆத்திரம் என்பது எல்லாவற்றிலும் அதே. அதுதான் பேட்டர்ன். ஆனால் சண்டை யாருடைய நிலத்துக்காக, யார் பக்கம் நியாயம், வேட்டுவர் எதிரிகளா ஏமாற்றப்பட்டவர்களா என்பது யார் சொல்கிறார், எங்கே உட்கார்ந்து சொல்கிறார் என்பதைப் பொறுத்து நகரும். கேட்கிறவர்கள் உடையைப் பற்றிச் சண்டை போடுவதில்லை, இதைப் பற்றித்தான் போடுவார்கள்.

தால்சிமுக்கும் அப்படித்தான். அவர் தாடியைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம், அணையைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

இப்போது புது ஹாலிவுட் படம் ஒன்று தயாராகியிருக்கிறது, அதில் தால்சிமாக வித்யுத் ஜாம்வாலை அறிவித்திருக்கிறார்கள். 'துப்பாக்கி'யில் விஜய்க்கு எதிரே நின்றவர். பாலக்காட்டில் சின்ன வயதிலிருந்தே களரி படித்தவர். உடம்பைப் பார்த்தால் எலும்பும் தோலும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கழுத்தில் மண்டையோடு இருக்குமா, கை எவ்வளவு நீளும் என்று பசங்க டிரெய்லரை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் பார்க்கக் காத்திருப்பது அவருடைய கிராமத்துக்கு இந்தத் தடவை என்ன ஆச்சு என்று சொல்லப்போகிறார்கள், அதைச் செய்தது யார் என்று சொல்வார்களா என்பதை.